புள்ளிகளைத் திருப்பிக் கேட்டவள்

மங்கலான போட்டோக்களைத் தெளிவாக்கித் தரும் பளிச் கம்பெனிக்கு ஒன்பது வருடமாக வந்த புகார்கள் எல்லாம் ஒரே ரகம்தான். இன்னும் புள்ளி தெரிகிறது, துடைத்துக் கொடுங்கள். முகம் மங்கலாக இருக்கிறது, தெளிவாக்குங்கள். துடைத்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவள் சிந்துஜா ஒருத்திதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உடுமலைப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்து மூன்று வயது. தென்னை நார் மில்லில் சூப்பர்வைசர் வேலை. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவளை யாரிடம் அனுப்புவதென்று தெரியவில்லை. அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, கடைசியில் ஹெலனைக் கூப்பிட்டாள்.

ஹெலன் இருட்டுப் பிரிவின் தலைவி. போதுமான வெளிச்சம் இல்லாமல் எடுத்த படங்களைப் பகலில் எடுத்ததுபோல மாற்றித் தருவது அந்தப் பிரிவின் வேலை. அதைச் செய்யும் மென்பொருளில் பாதிக்கு மேல் அவள் எழுதியது. பளிச் வந்த பிறகு ஊரில் யாரிடமும் இருட்டான படம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கோயில் உள்பிராகாரம், கல்யாண மண்டபத்து மாடிப்படி, கரண்ட் போன ஹால், எங்கே எடுத்தாலும் "பளிச்ல போடு" என்றால் போதும். மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்த படம் மூன்றே நொடியில் கழுவித் துடைத்த முகமாக வந்து நிற்கும். இருட்டில் எடுத்த படத்தை இனிமேல் சாட்சியாக ஏற்க முடியாது என்று ஒரு நீதிபதி சொன்னபோதுகூட கம்பெனியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் படம் எடுப்பது சாட்சி சொல்லவா, பார்த்துச் சந்தோஷப்படத்தானே என்றார்கள். ஹெலனும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சிந்துஜா தன் போனை மேஜைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடித் தொட்டிலில் ஒரு பச்சைக் குழந்தை. கொழுகொழு கன்னம், இடது பக்கம் ஒரு குழி, உதட்டோரத்தில் சின்னச் சிரிப்பு.

"என்ற பொண்ணுங்க. நாலு வருஷம் ஆச்சு. ஏழாம் மாசம் தொடங்கறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. நாலு நாள் இருந்தா."

ஹெலன் போனைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணி, அப்புறம் ஜுரம் வந்து, வேற வார்டுல போட்டுட்டாங்க. நான் அவளப் பாக்கவே இல்லீங்க. அங்கிருந்த நர்ஸம்மா படம் எடுத்து எங்க ஊட்டுக்காரருக்கு அனுப்பிச்சாங்க. ஒரே இருட்டு, ஒண்ணுமே தெரியல. அவருதான் பளிச்ல போட்டு எங்கிட்டக் காட்டுனாரு. இதான் எம் புள்ளைன்னு நாலு வருஷமா இதைத்தான் பாத்துட்டு இருக்கறேன்."

"இப்ப என்னங்க பிரச்சனை?"

"போன மாசம் பல்லடம் பஸ்ல போய்ட்டு இருந்தனுங்க. பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. நான் போனை எடுத்து மணி பாத்தேன். மொகப்புல இந்தப் படம்தான் வெச்சிருக்கறேன். அந்தப் பொண்ணு என்ற கையப் புடிச்சுட்டா. ஏனுங்க, எம் புள்ள போட்டோ உங்க போன்ல எப்படி வந்துச்சுன்னு கேட்டா."

அந்தப் பெண்ணின் பெயர் ரஹ்மத் நிஷா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளுக்கும் குறைமாதக் குழந்தை, வேறு ஆஸ்பத்திரி, ஆறு வருடத்துக்கு முன்னால். இரண்டு நாள் இருந்தது. சிந்துஜா, ரஹ்மத்தின் போனிலிருந்து வாங்கிவந்த படத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

தொட்டில் வேறு. விரித்திருந்த துணி வேறு. முகம் ஒன்று. அதே கன்னக் குழி, அதே உதட்டோரச் சிரிப்பு.

"பஸ்ல ரெண்டு பேரும் சண்டைக்குப் போயிட்டமுங்க," என்றாள் சிந்துஜா. "ஆஸ்பத்திரியில புள்ளைய மாத்திட்டாங்களா, படத்த மாத்திட்டாங்களான்னு. அப்புறம் பாத்தா வருஷமே வேற. பல்லடத்துல எறங்கி ஒரு டீக்கடையில உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். இது யாரு?"

ஹெலனுக்குப் பதில் தெரியும். இரண்டு படங்களையும் பார்த்த முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது.

"யாரும் இல்லைங்க," என்றாள்.

சிந்துஜா புரியாமல் பார்த்தாள்.

"மழை லேசாத் தூறும்போது வாசல்ல பத்து டம்ளர வரிசையா வெச்சா, எல்லாத்துலயும் ஒரே அளவா விழாது இல்லைங்களா? ஒண்ணுல மூணு சொட்டு, ஒண்ணுல ஒண்ணு, ஒண்ணுல ஒண்ணுமே இருக்காது. வெளிச்சமும் அப்படித்தான் விழுது. நல்ல வெயில்னா பெருமழை மாதிரி, எல்லா டம்ளரும் ரொம்பிடும், படம் சுத்தமா இருக்கும். இருட்டுல ரெண்டு சொட்டு மூணு சொட்டுதான். கேமரா அதையே பெருசாக்கிக் காட்டப் பாக்கும். ஐ.எஸ்.ஓ.வ ஏத்தறதுன்னு சொல்லுவாங்க. அப்ப அந்த ஏத்தத்தாழ்வும் சேந்து பெருசாகும். அதான் புள்ளி புள்ளியா தெரியறது."

"அதைத் தொடச்சா உள்ள இருக்கறது தெரியாதுங்களா?"

"கொஞ்சம் இருந்தாத் தெரியும். ஒண்ணுமே இல்லாத எடத்துல..." ஹெலன் நிறுத்தினாள். "அந்த எடத்துல என்ன இருந்திருக்கும்னு பளிச் தானா வரைஞ்சுக்கும். இதுக்கு முன்னாடி பாத்த படங்கள வெச்சு. அவ்வளவு சின்னக் குழந்தைங்க படம் அதுகிட்ட ரொம்பக் கொஞ்சம்தான் இருந்துச்சு. அதனால அதுக்குத் தெரிஞ்ச ஒரே கொழந்தைய எல்லாருக்கும் வரைஞ்சிருக்கு."

சிந்துஜா போனை எடுத்து நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அந்தப் புள்ளிகளக் குடுத்துருங்க மேடம். அதுல ரெண்டு சொட்டாவது என்ற பொண்ணுமேல பட்டு வந்த வெளிச்சந்தானே."

அன்று மத்தியானம் ஹெலன் சாப்பிடப் போகவில்லை. கம்பெனி இதுவரை துடைத்துக் கொடுத்த படங்களில் கண்ணாடித் தொட்டில், குறைந்த வெளிச்சம், குழந்தை என்று தேடிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு படங்கள் வந்தன. திரை முழுக்க வரிசை வரிசையாக அதே குழந்தை, அதே குழி விழுந்த கன்னத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. ஹெலன் திரையை அணைத்துவிட்டு, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

நிர்வாகி ஸ்ரீவத்சன் கெட்டவரில்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"முகம் வரையற மாடலை மாத்திடலாம் ஹெலன். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற முகம் வர்ற மாதிரி. அந்த ரெண்டு பேருக்கும் புதுசாப் போட்டுக் குடுங்க. அப்பா அம்மா முகத்தையும் சேத்துக் குடுத்தீங்கன்னா, ஜாடைகூட வந்துடும்."

"அதுவும் வரைஞ்ச முகம்தானே சார்?"

"அவங்களுக்கு ஒரு முகம் வேணும். இல்லேன்னா எதுக்கு நம்மகிட்ட அனுப்பினாங்க?"

"இப்ப வந்தவங்க புள்ளிகளத்தான் கேக்கறாங்க."

ஸ்ரீவத்சன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பேச்சு மூன்று நாள் நீண்டது. இனி வரும் எல்லாப் படத்திலும், எந்த இடம் கேமரா கண்டது, எந்த இடம் இயந்திரம் வரைந்தது என்று விரலை வைத்தால் தெரிய வேண்டும் என்றாள் ஹெலன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே வாங்கிப்போன இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களுக்கும் கடிதம் போட வேண்டும் என்றாள். அதற்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு வருடம், ஆறு வருடம் கழித்து ஒரு தாயிடம் போய், உன் கையில் இருப்பது உன் பிள்ளை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது என்று ஸ்ரீவத்சன் கேட்டதற்கு ஹெலனிடமும் நல்ல பதில் இல்லை. கடைசியில் ஒரு வரியில் முடிவானது. அந்த வரியை எழுதியதும் ஹெலன்தான்: "தாமாகக் கேட்பவர்களிடம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்."

சிந்துஜா கேட்ட புள்ளிகள் கம்பெனியில் இல்லை. அசல் படங்களை முப்பது நாளில் அழித்துவிடுவது வழக்கம். அவள் கணவரின் பழைய போனும் எப்போதோ கை மாறிவிட்டது. மிச்சம் இருந்தது படம் எடுத்த நர்ஸ் மட்டும்தான். நாகஜோதி சிஸ்டர் என்று பெயர் மட்டும் சிந்துஜாவுக்குத் தெரியும். விசாரித்துப் பார்த்ததில் அவர் உடுமலையில் தளி ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த வாரச் சனிக்கிழமை மதியம் இருவரும் போனார்கள். சாயந்திர ட்யூட்டிக்குக் கிளம்ப யூனிபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்த நாகஜோதி, சிந்துஜா பேரைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆறாம் நம்பர் தொட்டில்," என்றார். "பேர் வெக்கறதுக்குள்ள போயிருச்சு. கையில 'பேபி ஆஃப் சிந்துஜா'ன்னு கட்டியிருந்தோம். வா அம்மிணி, உக்காரு."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?" என்றாள் சிந்துஜா.

"எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கறதுதானே என்ற வியாதி."

ஹெலன் வந்த காரியத்தைச் சொன்னாள். அவ்வளவு இருட்டில் ஏன் எடுத்தீர்கள், ஒரு விளக்கைப் போட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டாள். நாகஜோதிக்கு அது அறியாப் பிள்ளையின் கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்தார்.

"வெளிச்சம் ஆகாதுங்க அதுகளுக்கு. வெளிய வந்துட்டாலும் அதெல்லாம் இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டிய நாளு. தொட்டில்மேல துணி போட்டு மூடி வெச்சிருப்போம். பிளாஷ் அடிச்சா டாக்டர் என்னையத் தொலச்சுருவாரு. எங்க தம்பி கல்யாணத்துக்கு வாங்குன கேமரா ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. அதுல ஐ.எஸ்.ஓ.வக் கடைசி வரைக்கும் திருகி வெச்சு எடுப்பேன். மூச்சப் புடிச்சுட்டு எடுத்தாலும் கை நடுங்குமுங்க. அதனால பட்டன விடாம அமுக்கிட்டே இருப்பேன். நாப்பது எடுத்தா ஒண்ணாவது ஒழுங்கா வராதான்னு."

"நாப்பதா?" ஹெலன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த நாப்பதும் இருக்குங்களா?"

"ஒண்ண மட்டுந்தான் வீட்டாளுங்களுக்கு அனுப்புவேன். மத்ததையும் அழிக்க மாட்டேன். எப்படிங்க அழிக்கறது?"

பீரோவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே சின்னச் சின்னக் காகித உறைகளில் மெமரி கார்டுகள். ஒவ்வொன்றின் மேலும் தேதியும் தொட்டில் எண்ணும். தாய் பிழைத்து எழுந்து வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்தது என்றார். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. பளிச் இருக்கும்போது எதற்கு வரப்போகிறார்கள்.

ஆறாம் நம்பர் தொட்டிலின் கார்டை வாங்கி வந்தார்கள். அதில் நாற்பத்தாறு படங்கள் இருந்தன. திங்கட்கிழமை காலை சிந்துஜா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஹெலன் தன் அறைக் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு முதல் படத்தைத் திறந்தாள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள். கொதிக்கிற உலைமாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் நடுவில் ஏதோ ஒரு கருமை.

"இதுல பளிச் கை வெக்காது," என்றாள் ஹெலன். "ஒரு கோடுகூட வரையாது. இந்த நாப்பத்தாறையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கப் போறேன், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு சத்தத்துல ஒருத்தர் உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறாருன்னு வெச்சுக்குங்க. ஒரு தடவ கூப்பிட்டாக் காதுல விழாது. நாப்பது தடவ கூப்பிட்டா? சத்தம் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி இருக்கும். பேரு மட்டும் மாறாது. அடுக்க அடுக்க மாறறதெல்லாம் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும். மாறாதது நிக்கும்."

"எதுவும் நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா இல்லைன்னு சொல்லிடுவேன். இல்லாததக் காட்ட மாட்டேன்."

சிந்துஜா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

கை நடுக்கத்தில் நகர்ந்திருந்த படங்களை ஹெலன் ஒவ்வொன்றாக நேராக்கிப் பொருத்தினாள். நான்கு படம் சேர்ந்தபோது தொட்டிலின் விளிம்பு தெரிந்தது. பத்துக்கு அப்புறம் கம்பளித் தொப்பி. பதினாறில் மூக்குக்குப் போகிற குழாயும் அதை ஒட்டியிருந்த பிளாஸ்திரியும். ஒவ்வொரு படம் சேரும்போதும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே படிந்து தண்ணீர் தெளிவதுபோல இருந்தது. முப்பதைத் தாண்டியபோது சிந்துஜா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

கொழுகொழு கன்னம் இல்லை. குழி இல்லை. கன்னமே இல்லை, எலும்புமேல் சுருங்கிய தோல். காது மேலே மடங்கி ஒட்டிக்கிடந்தது, அதன்மேல் பூனைமுடி. கண் மூடியிருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், எதையோ முடித்தே தீருவது என்று உட்கார்ந்தவர்களுக்கு விழுமே, அப்படி ஒரு சுருக்கம்.

ஹெலன் பயந்தபடி திரும்பிப் பார்த்தாள். சிந்துஜாவின் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"இவ சிரிக்கவே இல்ல மேடம்," என்றாள். "பாருங்க, எப்படி மொறச்சுட்டுக் கெடக்கறான்னு. எங்க மாமியார் கணக்கா. வேலையா இருக்கறா. யாரும் தொந்தரவு பண்ணாதீங்கங்கறா."

"வேலையாவா?"

"மூச்சு விடற வேலைதாங்க. அதவிடப் பெரிய வேல என்ன இருக்குது அவளுக்கு."

நாற்பத்தாறாவது படமும் சேர்ந்தது. அதற்குமேல் கொடுக்க எதுவும் இல்லை. தொப்பி நூல், பிளாஸ்திரியின் ஓரம், கை விரல் நகம் வரை தெரிந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே, நெஞ்சு இருக்க வேண்டிய இடம் மட்டும் கலங்கலாகவே இருந்தது. ஹெலன் மறுபடியும் பொருத்திப் பார்த்தாள். தெளியவில்லை.

"அந்த எடம் மட்டும் ஏனுங்க அப்படி இருக்குது?" என்று சிந்துஜா கேட்டாள்.

ஹெலன் படங்களைத் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"மாறாததுதான் நிக்கும்னு சொன்னேனுங்களே. இது மாறிட்டே இருந்திருக்கு. நாப்பத்தாறு படத்துலயும் நாப்பத்தாறு மாதிரி. அசைஞ்சிருக்கு."

சிந்துஜா விரலால் அந்தக் கலங்கலைத் தொட்டாள். "மிஷின் வெச்ச மூச்சா இருக்குமுங்களா?"

ஹெலனுக்கு அது தெரியாது. நாகஜோதிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"மூணாம் நாளு எடுத்த படம் அது. மூக்குல இருந்த குழாய் காத்துதான் குடுத்துச்சு. மூச்சு அவளோடது அம்மிணி. அன்னிக்கு முச்சூடும் அவளேதான் விட்டா."

சிந்துஜா போனை ஹெலனிடம் கொடுத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நாலு வருடமாக அந்தச் சிரிக்கிற படத்தின் முன்னால் இப்படி அழ முடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். சிரிக்கிற குழந்தையைப் பார்த்து எப்படி அழுவது. ஹெலன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஹெலன் திறக்கவில்லை.

படத்தை அப்படியே, கலங்கலைத் தொடாமல், சின்ன அளவில் அச்செடுத்துக் கொடுத்தாள். சிந்துஜா அதைப் பர்ஸில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. ரஹ்மத் நிஷா. இரண்டு வாரமாகத் தினமும் ஒரே கேள்வி. "அக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"அவ படம் என்னாச்சுங்க?" என்று சிந்துஜா கேட்டாள்.

ஹெலன் அந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். ரஹ்மத்தின் தம்பி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போனில் எடுத்த ஒரே படம் அது. அசல் ஏதோ பழைய செய்தியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மிஞ்சியிருந்ததை ரஹ்மத் சிந்துஜா மூலமாக அனுப்பியிருந்தாள்.

"ஒரே ஒரு படம்தாங்க. அடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பளிச் முகம் வரைஞ்ச எடத்துல நெசமா இருந்தது..." ஹெலன் தயங்கினாள். "கண்ணாடியில பட்டுத் தெறிச்ச லைட்டு வெளிச்சம். கொழந்தை அந்தப் படத்துலயே விழல."

"வேற யாராச்சும்? நம்ம நர்ஸம்மா மாதிரி?"

"விசாரிச்சுட்டேன். அந்த ஆஸ்பத்திரியில யாரும் எடுக்கல."

சிந்துஜா கையிலிருந்த அச்சுப் படத்தைப் பார்த்தாள். ரஹ்மத்துக்கு அதற்கப்புறம் குழந்தை இல்லை, டாக்டர்களிடம் நடந்துகொண்டிருக்கிறாள், அன்று பஸ்ஸில் வந்ததும் அதற்குத்தான் என்று சொன்னாள். அவள் பிள்ளைக்கு ஜைனப் என்று பேர் வைத்திருந்தார்களாம். பேரும் இந்தப் படமும்தான் அவளிடம் இருக்கிறது. பிறகு ஹெலனைக் கேட்காமலே ரஹ்மத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ரஹ்மத்து, நாந்தான். கம்பெனியிலதான் இருக்கறேன். தெரிஞ்சுருச்சு."

மறுமுனையில் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது. பிறகு யாரோ நடந்து வெளியே வருவதுபோல அது குறைந்தது.

"சொல்லுங்க அக்கா."

"அந்த மொகம் உம் புள்ளையோடதுதான். என்றது இல்ல."

ஹெலன் நிமிர்ந்து பார்த்தாள். சிந்துஜா அவளைப் பார்க்கவில்லை.

"உன்ற படந்தான் இவிங்களுக்கு மொதல்ல வந்திருக்குது. ரெண்டு வருஷங்கழிச்சு எங்க ஊட்டுக்காரரு அனுப்புனப்ப, அதுல ஒண்ணுமே தெரியலையா, மிஷின் தப்பா உம் புள்ள மொகத்த எடுத்து என்றதுல வெச்சிருச்சு. எம் புள்ளையோட நெசப் படம் இப்பத்தான் கெடச்சுது. அவ வேற மாதிரி இருக்கறா. கையிலயே வெச்சிருக்கறேன்."

அப்புறம் ரஹ்மத்தின் குரல் வந்தது.

"அந்த மேடம் பக்கத்துல இருக்காங்களா அக்கா? அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

சிந்துஜா போனை மேஜைமேல் ஹெலனின் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கெஞ்சவில்லை.

"சொல்லுங்க, ஹெலன்தான் பேசறேன்."

"மேடம், அக்கா சொல்றது நெசமாங்களா? அது ஜைனப்தானுங்களா?"

தாமாகக் கேட்பவர்களிடம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வரிக்காக ஹெலன் மூன்று நாள் சண்டை போட்டிருந்தாள். சிந்துஜாவுக்கு அப்புறம், இருநூற்றுப் பதினான்கு பேரில் கேட்டு வந்த முதல் ஆள் இவள். சொல்ல வேண்டியதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. டம்ளர், மழை, தூறல் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொல்லி முடித்தபின் ரஹ்மத்தின் கையில் மிஞ்சுவது ஒரு கண்ணாடிக் கதவும் அதில் பட்டுத் தெறித்த லைட் வெளிச்சமும்தான்.

"ஆமாங்க," என்றாள் ஹெலன். "ஜைனப்தான்."

மூச்சை இழுத்து விடுகிற சத்தம் போனில் கேட்டது. ரஹ்மத் அழுகிறாளா என்று இருவரும் காது கொடுத்தார்கள். அழவில்லை. அவள் எதையோ எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அக்கா."

"சொல்லு ரஹ்மத்து."

"அப்ப இந்த நாலு வருஷமா எம் புள்ள உங்க ஊட்டுலயும்தான் இருந்திருக்கறா."

சிந்துஜா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்களா அக்கா?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். தெனமும் காத்தால எந்திரிச்சு மொதல்ல அவ மொகத்துலதான் முழிப்பேன்."